விடுமுறைக்குச் செல்லும் நாயும் உடன் திரும்பும் உண்ணியும்

கோடை விடுமுறையில் பிரித்தானியாவிலிருந்து எம்மவர் பலர் பிரான்சிலும் ஜேர்மனியிலும் வாழும் உறவினரைக் காணச் செல்வர். பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் நாயும் சில வீடுகளில் உடன் செல்கின்றது. நாயின் பத்திரங்களைச் சரிபார்க்கும் நாம், அதன் உரோமத்தினுள் ஒளிந்து வரும் உண்ணியை மறந்துவிடுகின்றோம்.

ஊரில் நாயின் காதிலிருந்து உண்ணி பிடுங்காதவர் அரிது. ஆதலால் அதனைச் சிறு தொல்லையாகவே கருதிப் பழகிவிட்டோம். உண்மையில், கடியிலும் பார்க்க அதன்வழி இரத்தத்திற் கலக்கும் கிருமியே ஆபத்தானது. பிரான்சிலும் மத்திய ஐரோப்பாவிலும் காணப்படும் பபேசியா என்னும் கிருமி செங்குருதிக் கலங்களை அழிக்கின்றது. காய்ச்சல், முரசு வெளிறுதல், செங்கண்மாரி, கபில நிறச் சிறுநீர் ஆகியன இதன் அறிகுறிகள். சிகிச்சை தாமதித்தால் மரணம் நேரலாம். தென் ஐரோப்பாவிற் பரவலான எர்லிக்கியா நோயோ பல மாதங்கள் மறைந்திருந்து, பின்னர் மூக்கால் இரத்தம் வடியச் செய்யும்.

2000ஆம் ஆண்டு பிரித்தானியா செல்லப்பிராணிப் பயணத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடு திரும்பும் நாய்க்கு உண்ணி மருந்திடுதல் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரியில் அவ்விதி நீக்கப்பட்டது. நாடாப்புழு மருந்து மட்டும் தொடர்ந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016இன் தொடக்கத்திலும் எசெக்ஸ் மாவட்டத்தின் ஹார்லோ நகரில், ஒருபோதும் வெளிநாடு செல்லாத நாய்களுக்குப் பபேசியா நோய் கண்டது. அங்கு சேகரித்த உண்ணிகளிலும் அக்கிருமி இருந்தது. ஒருவரின் கவனயீனம் அயலவரின் நாயையும் தாக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் கைவிட்ட காவலை இனி நாமே ஏற்க வேண்டும். புறப்படுமுன் மிருக வைத்தியரிடம் உண்ணி மருந்து பெறுங்கள். நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சாகும். வீட்டிற் பூனை இருப்பின் அதனைக் கூறுங்கள். பயணத்தின்போது காது, கழுத்து, கமக்கட்டு, விரலிடுக்குகளை நாள்தோறும் தடவிப் பாருங்கள். பபேசியா தொற்றுவதற்கு உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டுமாதலால், விரைவில் அகற்றுவது பயன் தரும். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். உண்ணி அகற்றும் கொக்கியால், நசுக்காது, தோலோடு ஒட்டி எடுங்கள்.

திரும்பிய பின்னர் நாய் சோர்ந்தால், எந்நாட்டுக்குச் சென்றீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலிற் சொல்லுங்கள். மாதங்கள் கடந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, பிள்ளைகளின் தோழனைக் காப்பாற்றக்கூடும்.