வலி வரட்டும் என்று காத்திருக்காதீங்க

காலையில் அட்மிஷன், மதியம் குடலிறக்க ஆபரேஷன், சாயங்காலம் வீடு. கட்டிலில் சாய்ந்ததும் 'அட, வலியே இல்லையே!' என்று தோன்றும். அது ஆபரேஷன் செய்த இடத்தில் போட்ட மரப்பு ஊசியின் வேலை. பெரும்பாலும் அன்று ராத்திரியே அது விட்டுவிடும். "வலிச்சா மாத்திரை போட்டுக்கலாம்" என்று தூங்கப் போகிறவர்கள்தான் நடுராத்திரியில் துடித்து எழுவார்கள். முற்றிய வலியை அடக்குவது கஷ்டம். அதனால் மரப்பு விடும் முன்பே, டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரையைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குப் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

சீட்டில் அநேகமாக பாராசிட்டமால் இருக்கும். சாதாரண மருந்துதானே என்று நினைக்காதீங்க. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்லீரல் பாதிக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். எழுத்து பொடிசா இருந்தா போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிரமடால் கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரலாம். முக்கினால் தையல் இடம் சுண்டும். தண்ணீர், கீரை, பழம் கூடுதலாகச் சேருங்கள். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் புண் ஆறப் புரதம் வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடியுங்கள். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் கொஞ்சம் நடங்கள்.

மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, போனில் பெரிய தொகை அனுப்பவும் வேண்டாம்.

ஆண்களுக்கு விதைப்பை கொஞ்சம் வீங்கி நீலம் பாரிக்கலாம்; பெரும்பாலும் தானே வற்றும். ஆனால் காய்ச்சல், கட்டு நனையும் ரத்தம், நிற்காத வாந்தி, 6 முதல் 8 மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது, நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். தினமும் தையலை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு விளக்குவது சுலபம். சந்தேகம் கேட்க 104. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால் யோசிக்காமல் 108.