பத்து நிமிடத்தில் திணறும் கணினி

கேமிங் கணினி திடீரென மெதுவாகும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அது எப்போது மெதுவாகிறது என்பதைத்தான். தொடக்கத்தில் சீராக ஓடிய விளையாட்டு பத்து நிமிடம் கழித்துத் தடுமாறினால், காரணம் பெரும்பாலும் சூடுதான். ஆன் செய்ததிலிருந்தே மந்தமாக இருந்தால் காரணம் வேறு.

விளையாட்டின் காட்சி வினாடிக்கு 60 முறை மாற வேண்டுமானால், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிவினாடிக்குள் உருவாக்கியாக வேண்டும். இதற்காக பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இடைவிடாமல் உழைக்கின்றன. அவை இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. 300 வாட் எடுக்கும் கணினி, அறைக்குள் 300 வாட் ஹீட்டர் எரிவதற்குச் சமம். இன்றைய பிராசஸர்கள் பலவற்றுக்கு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ்வரைதான் வரம்பு. அதைத் தொட்டதும், கருகிப்போகாமல் இருக்க, பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதற்கு ‘தெர்மல் த்ராட்லிங்’ என்று பெயர். 2000-இல் வந்த பென்டியம் 4 பிராசஸரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் தள்ளுகிறது. முழு வேலையில் ஒரு பிராசஸர் அறையைவிட 55 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் அறை 28 டிகிரியில் இருந்தால் பிராசஸர் 83-இல் நிற்கும். அறை 40-ஐத் தொடும் கத்திரி வெயிலில் அதே பிராசஸர் 95-க்குப் போய்விடும். கணினியில் எதுவும் மாறாமலேயே வேகம் குறைவது இப்படித்தான்.

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் போன்ற இடங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கோடையில் கடற்காற்று இங்கே தாமதமாகவே வந்து சேரும். 2003 மே மாதம் சென்னையிலேயே வெப்பநிலை 45 டிகிரியை எட்டியது. அதோடு, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓயாமல் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் எவ்வளவு வேகமான காராக இருந்தாலும், ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் கொதித்துவிடும். கணினியில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே தூசி படிந்தாலும் அதே கதைதான்.

சூடுதானா என்று உறுதிசெய்ய, வெப்பநிலையையும் பிராசஸரின் வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸ் அளவையும் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்துவைத்து விளையாட வேண்டும். வெப்பம் வரம்பைத் தொடும் நேரத்திலேயே கிகாஹெர்ட்ஸ் இறங்கினால் சந்தேகமில்லை. அடுத்து, கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை ஓடவிட்டுப் பார்க்கலாம். வெப்பம் சட்டென்று குறைந்தால், கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். மின் இணைப்பைத் துண்டித்து, ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் தூசியை ஊத வேண்டும். அப்படியும் சூடு தணியாவிட்டால், பிராசஸருக்கு மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

வெப்பநிலை சரியாக இருந்தால் தேட வேண்டியது வேறு இடத்தில். லேப்டாப் சார்ஜரில் இல்லாமல் பேட்டரியில் ஓடினால் வேகம் குறைவது இயல்பு. டாஸ்க் மேனேஜரில், விளையாட்டு ஓடாதபோதும் பிராசஸரையோ டிஸ்கையோ விழுங்கும் நிரல் எது என்று பார்க்கலாம்; அது விண்டோஸ் அப்டேட்டாகவோ ஆன்டிவைரஸ் சோதனையாகவோ இருந்தால் தானாக முடியும், பெயர் தெரியாத நிரலாக இருந்தால் வைரஸ் சோதனை அவசியம். டிரைவரைப் புதுப்பித்த மறுநாளே வேகம் குறைந்திருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கணினியை இடம் மாற்றிய பிறகு மந்தமானால், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கக்கூடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீராவிட்டால்தான் விண்டோஸை மீண்டும் நிறுவுவதையும், அதன்பின் புதிய பாகம் வாங்குவதையும் யோசிக்க வேண்டும்.