எந்தப் பொருளுக்கு எந்த உறை?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை நடப்பில் இருப்பதும், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் கடைக்குச் செல்பவரின் கையிலுள்ள பையைப் பற்றிய பேச்சைப் பெருக்கியிருக்கின்றன. அந்தப் பைக்குள் அடுக்கப்படும் உறைகளோ அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. மாத மளிகையைப் பிரித்து டப்பாக்களில் கொட்டிய பின் எஞ்சும் பருப்பு, மாவு, மசாலா, பிஸ்கட் உறைகளுள் எது தேவையானது, எது வெறும் வழக்கம் என்று பிரித்தறிய, உறை என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உணவுப் பொருளைக் கெடுப்பவை பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், ஒளி, பூச்சி ஆகியவை. பால் பாக்கெட்டுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் நீராவியை நன்கு தடுக்கும்; ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதன் ஊடே மெல்லக் கசிந்துவிடும். எண்ணெயில் பொரித்த சிப்ஸ் போன்ற பண்டத்தில் ஆக்சிஜன் புகுந்தால் கொழுப்பு சிதைந்து காறல் வாடை ஏறிவிடும் என்பதால், அச்சிடுவதற்கு ஒரு படலம், ஆக்சிஜனையும் ஒளியையும் தடுக்க அலுமினியப் பூச்சு, சூட்டில் உருகி வாயை ஒட்டுவதற்கு உட்புறம் மற்றொரு படலம் என்று பல்லடுக்கு உறைகள் உருவாயின. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் அந்தப் பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பொறியியல் நோக்கில் இது வியப்புக்குரிய சாதனைதான்.

இந்தச் சாதனையே மறுசுழற்சிக்குத் தடையாகவும் நிற்கிறது. பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும். வெளி அடுக்காகப் பயன்படும் பாலியெஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்கினாலும் அவை ஒன்றாகக் கலப்பதில்லை, ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பதும் செலவு மிகுந்த வேலை. ஆகவேதான் பால் பாக்கெட்டை எடைக்கு எடுத்துக்கொள்ளும் பழைய பொருள் வியாபாரி சிப்ஸ் உறையைத் தொடுவதில்லை. மறுசுழற்சிக்கு உதவாத பல்லடுக்கு உறைகளை இரண்டே ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்றன இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள். 2018-இல் வந்த திருத்தம், எரித்து ஆற்றல் பெறத்தக்க உறைகளுக்கும் வேறு பயன் உள்ள உறைகளுக்கும் விலக்கு அளித்தது. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகலாம் என்ற ஒரு தகுதியே போதுமானதாகிவிட்டதால், அந்தக் கட்டளை பெயரளவில்தான் மிஞ்சியது.

ஆயினும் மளிகைப் பட்டியலில் உள்ள எல்லாப் பொருளும் ஆக்சிஜனுக்கு அஞ்சுவன அல்ல. இதற்குக் கம்பு நல்ல சான்று. தானியங்களில் கொழுப்புச் சற்று மிகுந்த கம்பை முழுமணியாக வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. மாவாக்கிவிட்டாலோ சில நாள்களிலேயே கசந்துவிடும். மணியின் முளைப்பகுதியில் இருக்கும் கொழுப்பும், மேல்தோலில் மிகுந்திருக்கும் லைபேஸ் என்ற நொதியும் (கொழுப்பை உடைக்கும் புரதம் இது) அதுவரை தனித்தனியே இருக்க, அரைக்கும்போது இரண்டும் கலந்துவிடுவதே காரணம். முழுக் கோதுமையையும் அதன் மாவையும் ஒப்பிட்டாலும், மிளகாய் வற்றலையும் மிளகாய்த்தூளையும் ஒப்பிட்டாலும், வறுத்த காப்பிக் கொட்டையையும் காப்பித்தூளையும் ஒப்பிட்டாலும் தன்மை ஏறத்தாழ இதுவே: முழுப் பொருளுக்கு அதன் தோலே உறை, தூளாக்கிய பின் அந்தக் காப்பு போய்விடுவதால் அலுமினியப் பூச்சு தேவைப்படுகிறது. எனவே தானியத்தையும் வற்றலையும் முழுதாக வாங்கி, கெடுமுன் தீர்ந்துவிடும் அளவை மட்டும் மாவு மில்லில் அரைத்துக்கொள்ளும் வீடு, துணிப்பையை மட்டும் எடுத்துச் செல்லும் வீட்டைவிட அதிகமான பல்லடுக்கு உறைகளைத் தவிர்க்கக்கூடும். தோல் நீக்கி உடைத்த பருப்புக்கு முதற்பகை பூச்சிதான். வெயிலில் காயவைத்து இறுக மூடும் டப்பாவில் இட்டுவைத்தால் அதற்கும் பல்லடுக்கு உறை வேண்டியதில்லை. நியாயவிலைக் கடையில் அரிசியும் பருப்பும் இன்றும் பெரும்பாலும் வாங்குவோரின் பையிலேயே அளந்து கொட்டப்படுகின்றன.

உப்பின் நிலை வேறு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. இதற்குத் தேவை ஈரத்தடுப்பு மட்டுமே ஆதலால், கடையில் ஓரடுக்குப் பாலிஎத்திலீன் உறையும் வீட்டில் மூடியுள்ள பீங்கான் சாடியும் போதும்.

உறைக்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. 1998-இல் டெல்லியில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததையடுத்து, சமையல் எண்ணெயை அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்ற ஆணை அதே ஆண்டில் பிறப்பிக்கப்பட்டது. கலப்படத்தைத் தடுக்கும் உறையை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே வாங்குபவரால் இயல்வது சிறு பாக்கெட்டுக்கு மாற்றாகப் பெரிய தகர டின்னைத் தேர்வதுதான். பால் பாக்கெட்டைப் பிரிக்கும்போதும், மூலையைத் தனியே கத்தரித்து எறியாமல் உறையோடு ஒட்டியிருக்குமாறு வெட்டினால் அந்தத் துணுக்கும் மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும்.

அளவு சிறுக்கச் சிறுக்க உறையின் பங்கு கூடுவது எளிய வடிவியல். ஒரு கிலோ பொருளை ஒரே உறையில் இடாமல் அதே வடிவமுள்ள பத்து 100 கிராம் உறைகளில் இட்டால், மொத்தப் பரப்பு இரு மடங்கைத் தாண்டும். இந்தியாவில் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்கும் முறை வேரூன்றியதில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுக்குப் பெரும்பங்கு உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கும் ஷாம்புவை எட்டச் செய்தது அந்த முறைதான் என்பதால், பெரிய புட்டியாக வாங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்வதில் பொருளில்லை. அவர் மகன் சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பு, காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஒரு புதிய பாக்கெட்டை இலவசமாகத் தந்தது. விற்பனையைப் பெருக்கச் செய்த உத்திதான் அது. எனினும் காலி உறைக்கு ஒரு மதிப்பு இருந்தால் மக்கள் அதைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருவார்கள் என்பதற்குச் சான்றாக நின்றது. உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்ததும் திருப்பிக் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான புட்டிகள் கடைக்கே திரும்பி வந்தன. மளிகை உறைகளுக்கு அத்தகைய முன்வைப்புத் தொகை இன்னும் விதிக்கப்படவில்லை.