‘அ’ எழுதுவதற்கு முன்னே

பால்வாடிக்குச் சென்று திரும்பும் மூன்றரை வயதுக் குழந்தையிடம் வீட்டில் உள்ளவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி எது? “இன்னைக்கு டீச்சர் என்ன எழுதச் சொன்னாங்க?” என்பதுதான். “புளியங்கொட்டை வச்சு விளையாடினோம், பாட்டுப் பாடினோம், சாப்பிட்டோம், தூங்கினோம்” என்று குழந்தை சொன்னால் பெரியவர்களின் முகம் சுருங்கிவிடுகிறது. இதற்கு ஓர் ஆசிரியை எதற்கு, ஓர் ஆயா போதாதா என்ற எண்ணமும் எழுகிறது. ஆண்டு நடுவிலேயே குழந்தையை அழைத்துச் சென்று, நோட்டு நிறைய எழுத வைக்கும் வேறோர் இடத்தில் சேர்ப்பவர்களும் உண்டு.

இந்த ஏமாற்றம் நியாயமானதுதானா? மூன்று வயது முதல் ஐந்து வயது வரை குழந்தையின் உடலிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த ஆசிரியையின் உண்மையான வேலை என்ன என்பதும் விளங்கிவிடும்.

கட்டி முடியாத கை

முதலில் கையைப் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அவற்றுள் ஒன்றுகூடத் தெரியாது. அங்கே இருப்பவை குருத்தெலும்புகளே. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தோன்றுகின்றன. மூன்று வயதையொட்டி மூன்றாவது, நான்கு வயதையொட்டி நான்காவது, ஐந்தாறு வயதில் மேலும் மூன்று. எட்டாவது எலும்பு தோன்றுவதற்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகும்.

அதாவது, மூன்றரை வயதுக் குழந்தையின் கை இன்னும் கட்டி முடியாத வீடு. விரல்களின் சிறு தசைகளும், அவற்றைக் கண்ணோடு சேர்த்து இயக்கும் நரம்புகளும் அப்போதுதான் பழகிவருகின்றன. புளியங்கொட்டையைப் பொறுக்குவது, களிமண்ணை உருட்டுவது, மணி கோப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது ஆகிய ஒவ்வொன்றும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குகின்றன. பின்னாளில் பென்சிலைத் தாங்கப்போவது இந்தப் பிடிதான்.

கொட்டைகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயதும் இதுவேதான். ஆகவே கொட்டைகளைக் கொடுக்கும்போது எண்ணுவதும், திரும்ப வாங்கும்போது எண்ணுவதும், இடையில் கண்ணை எடுக்காமல் இருப்பதும் ஆசிரியையின் பொறுப்பு.

கொட்டைகள் சொல்லும் கணக்கு

உங்கள் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தால் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஏழு கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேரே இன்னும் ஏழு கொட்டைகளை மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். “எதில் அதிகம்?” என்று கேளுங்கள். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். பிறகு, அதன் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்து, அதே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலான நான்கு வயதுக் குழந்தைகள் நீண்ட வரிசையைக் காட்டி, “இதில்தான் அதிகம்” என்று சொல்லும். ஒன்று முதல் இருபது வரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையும் இப்படிச் சொல்வதுண்டு!

ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் பியாஜே புகழ்பெறச் செய்த சோதனை இது. எண்களின் பெயர்களை ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கை என்ற கருத்தை உணர்வது வேறு என்பதை இது காட்டுகிறது. பின்னது பொருள்களைக் கூட்டியும் பிரித்தும் மாற்றியும் வைத்துப் பழகிப் பழகி, ஆறேழு வயதில் நிலைபெறுகிறது. எனவே கொட்டை விளையாட்டு வீண்பொழுது அன்று.

பாட்டும் அப்படித்தான். ‘கல் – கால்’, ‘பல் – பால்’, ‘படம் – பாடம்’ என்று கைதட்டிப் பாடும் குழந்தை குறிலையும் நெடிலையும் காதால் பிரித்தறிகிறது. ஒலியைப் பிரிக்கத் தெரிந்த காதுக்குத்தான், பின்னர் எழுத்து என்னும் அடையாளம் எளிதில் பொருந்தும்.

மூளையின் கெடு

பிறக்கும்போது நம் மூளையின் எடை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம். ஆறு வயதுக்குள் அது வளர்ந்தவரின் மூளை அளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இந்த வளர்ச்சியில் நரம்பணுக்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. அவற்றுக்கு இடையிலான இணைப்புகளே பெருகுகின்றன. பயன்படும் இணைப்பு உறுதியாகிறது, பயன்படாதது கழிந்துவிடுகிறது.

டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிவியலார் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்தனர். திறந்தபோது கண்ணில் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பும் செய்தியை மூளை ஏற்கவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல் மூடியபோது இத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. அதாவது, மூளை சிலவற்றைக் கற்பதற்கு ஒரு கெடு இருக்கிறது. பார்வை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக இவர்கள் 1981ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனிதக் குழந்தைக்கும் இது பொருந்தும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால், மூளை அந்தக் கண்ணை மெல்ல ஒதுக்கிவிடுகிறது. ‘சோம்பேறிக் கண்’ என்று இதைச் சொல்வார்கள். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்தும் பெரும்பாலும் சரிசெய்யலாம். காலம் கடந்தால் கடினம். குழந்தையோ, “எனக்கு ஒரு கண் தெரியவில்லை” என்று சொல்லாது. அதற்கு உலகமே அப்படித்தான்!

யார் கண்டுபிடிப்பது? படத்தைப் பார்க்கும்போது எப்போதும் தலையைச் சாய்க்கும் குழந்தையை, பந்தைப் பிடிக்கும்போது ஒரே பக்கம் தவறவிடும் குழந்தையை, அதே வயதுள்ள இருபது பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உள்ளவர் அந்த ஆசிரியை ஒருவரே.

“சொன்ன பேச்சைக் கேட்பதில்லை”

காதின் கதை இன்னும் நுட்பமானது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் ஒன்று உண்டு. சிறு குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது நடுக்காதில் நீர் தேங்கிவிடுகிறது. வலியோ சீழோ இல்லாமலும் இது நேரலாம். அப்போது குழந்தைக்கு, விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்பதுபோல்தான் எல்லாம் கேட்கும். ‘பல்’லும் ‘பால்’லும் ஒன்றாகிவிடும்.

வீட்டில், “சொன்ன பேச்சைக் கேட்பதில்லை” என்று அடி விழும். நல்ல ஆசிரியை என்ன செய்வார்? முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பார். பாட்டில் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கை தட்டுகிறானா என்று கவனிப்பார். நோய் இன்னதென்று முடிவு செய்வது அவர் வேலை அன்று. ஐயம் எழுந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பதே அவர் வேலை. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வரவேண்டும். ஆனால் அன்றாடம் அருகில் இருப்பவர் ஆசிரியையே.

மாதம் ஒரு புள்ளி

மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறாரே, அதையும் அறிவியல் கருவி என்றே சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீட்டின்படி மூன்று வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 14.3 கிலோ, பெண் குழந்தைக்கு 13.9 கிலோ. ஆண் குழந்தை 11.3 கிலோவுக்கும், பெண் குழந்தை 10.8 கிலோவுக்கும் கீழே இருந்தால் எடைக் குறைவு எனக் கொள்வர்.

ஆனால் எடையைவிட முக்கியமானது, புள்ளிகளை இணைக்கும் கோட்டின் போக்கு. கோடு ஏறினால் நலம், படுத்தால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. கன்னம் ஒட்டி, விலா தெரிவதற்கு வெகு முன்பே கோடு படுத்துவிடும். வயிற்றுப்போக்கோ, குடற்புழுவோ, வீட்டில் உணவுத் தட்டுப்பாடோ காரணமாக இருக்கலாம். 1980ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தக் கோட்டையே அடிப்படையாகக் கொண்டது. எடை ஏறாத குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் உணவு தந்தது.

நெடுநாள் பயன்

இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மாருக்கு உணவு – நலக் கல்வி, பள்ளிக்கு முந்தைய கல்வி என்று ஆறு பணிகள் அதில் அடங்கியுள்ளன. தமிழ்நாட்டில் இன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. இந்த ஆறு பணிகளும் வந்து சேரும் இடம் அங்கன்வாடி ஆசிரியையின் மேசைதான்.

இவ்வளவும் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேரை நல்ல பாலர் பள்ளியில் சேர்த்தனர்; மற்றவர்களைச் சேர்க்கவில்லை. அங்கே குழந்தைகள் தாமே விளையாட்டைத் திட்டமிட்டு, விளையாடி, பிறகு நடந்ததைச் சொன்னார்கள். ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கும் சென்றார்கள். நுண்ணறிவுத் தேர்வில் இவர்கள் பெற்ற கூடுதல் மதிப்பெண் சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஆயினும், நாற்பது வயதில் பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இவர்களில் அதிகம்; வருமானமும் அதிகம்; காவல்துறையிடம் சிக்கியவர்கள் குறைவு. பொறுமை, முறை வைத்து விளையாடுதல், எடுத்ததை முடித்தல் போன்ற பண்புகளே இதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு குழந்தைகளே. நம் ஊரில் இருபது, இருபத்தைந்து குழந்தைகளோடு பதிவேடுகளும் கணக்குகளும் ஒருவர் தலையிலேயே ஏறுகின்றன. கவனிக்கவேண்டிய கண் ஏட்டிலேயே பதிந்துவிட்டால் நட்டம் குழந்தைக்குத்தான். திட்டத்தின் விதிகளோ இவரை மதிப்பூதியம் பெறும் தொண்டராகவே வைத்திருந்தன. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில்தான்.

எனவே, அடுத்த முறை பால்வாடி வாசலில் நிற்கும்போது, “என்ன எழுதினான்?” என்று கேட்காதீர்கள். “எடை ஏறியிருக்கிறதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? யாரோடு சேர்ந்து விளையாடுகிறான்?” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியையிடம் இவற்றுக்கெல்லாம் விடை இருக்கும். ‘அ’ எழுத இன்னும் நாள் இருக்கிறது; இந்த விடைகள் நாள் கடந்து கிடைத்தால் பயனில்லை.