சின்னப் பங்கு திசை மாறுகிறதா? சார்ட்டில் கவனிக்க வேண்டியவை!

2018 ஜனவரியில் 20,000 புள்ளிகளைத் தாண்டிய பி.எஸ்.இ ஸ்மால்கேப் குறியீடு, 2020 மார்ச்சில் 9,000-க்கும் கீழே போனது. கொரோனா கொடுத்தது கடைசி அடி. அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாகப் பல சிறு பங்குகள் இறங்குமுகத்தில்தான் இருந்தன. பாதியாகச் சரிந்த பங்கு பழைய விலையைத் தொட, இரண்டு மடங்காக வேண்டும். அதனால்தான் ‘விலை குறைந்துவிட்டது’ என்பதற்கும் ‘திசை மாறிவிட்டது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்.

மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக செபி வகுத்த கணக்குப்படி, சந்தை மதிப்பில் 251-வது இடத்திலிருந்து வருபவை ஸ்மால்கேப் நிறுவனங்கள். இவற்றின் சார்ட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. உச்சமும் பள்ளமும்

ஒரு பங்கு 120, 110, 100 ரூபாய் எனத் தாழும் உச்சங்களையும், 100, 90, 80 எனத் தாழும் பள்ளங்களையும் காட்டினால் அது இறங்குமுகம். அடுத்த முறை 80-க்குப் போகாமல் 84-லேயே திரும்பினால், அது முதல் அறிகுறி. பிறகு 100-ஐத் தாண்டி ஏறி நின்றால்தான் திசை மாறியதாக எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் துள்ளலை நம்பி ஏமாறாமல் இருக்க, வார சார்ட்டைப் பார்ப்பது நல்லது.

2. 200 நாள் சராசரி

கடைசி 200 நாள்களின் முடிவு விலையைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் வருவது இது. விலை இந்தக் கோட்டுக்கு மேலே வந்து, கோடும் மேல்நோக்கித் திரும்பினால் நம்பிக்கை கூடும். பழைய விலைகளின் சராசரி என்பதால், இது தாமதமாகத்தான் பேசும்.

3. வால்யூம்

தினம் 20,000 பங்குகள் கைமாறும் இடத்தில், 100 ரூபாயைத் தாண்டும் நாளில் 1 லட்சம் பங்குகள் கைமாறினால் கவனிக்கலாம். கூடவே டெலிவரி சதவிகிதத்தையும் பாருங்கள். அதில் 15 சதவிகிதம் மட்டுமே டெலிவரி என்றால், பெரும்பகுதி அன்றே வாங்கி அன்றே விற்றதுதான். டெலிவரி விவரம் என்.எஸ்.இ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சார்ட்டும் ஏமாற்றும்!

பெரிய பங்குகளின் விலையைச் சிலர் சேர்ந்து நகர்த்துவது கடினம். சின்னப் பங்கில் அது சாத்தியம். யூடியூப் வீடியோக்கள் மூலம் சிறு பங்குகளின் விலையை ஏற்றியதாகக் கூறி, 2023 மார்ச்சில் பலருக்கு செபி இடைக்காலத் தடை விதித்தது. செய்தியே இல்லாமல் தினமும் அப்பர் சர்க்யூட்டில் ஏறும் பங்கின் சார்ட் அழகாகத்தான் இருக்கும். அதுவே எச்சரிக்கை மணி.

இறங்கும்போதுதான் உண்மையான சிக்கல். 5 சதவிகித லோயர் சர்க்யூட்டில் 5 நாள்கள் மாட்டினால், 100 ரூபாய் பங்கு ஏறக்குறைய 77 ரூபாயாகிவிடும். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் வாங்க ஆள் இருந்தால்தானே விற்கும்!

எனவே, வாங்கும் முன்பே இரண்டு கணக்குகளைப் போட்டுவிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 84 உடைந்தால் கணிப்பு தவறு, வெளியேற வேண்டியதுதான். அப்படி வெளியேற நேர்ந்தால், உங்களிடம் இருக்கும் பங்குகளை வாங்கும் அளவுக்கு அங்கே தினசரி வியாபாரம் நடக்கிறதா? இல்லை என்றால், சார்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.