பில் இல்லாத ஷாக் அப்சார்பர்

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் இரண்டாவது செஷன் முடிந்து பிட்டுக்குள் வண்டியை நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஷாக் அப்சார்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவி எடுத்தார். மூன்று விரலிலும் எண்ணெய். அப்படியே கையை நீட்டி, கீழே இருந்த டயரைக் காட்டினார். இன்னும் ரெண்டு ரவுண்டு போயிருந்தால் அந்த எண்ணெய் டயரில் இறங்கியிருக்கும்.

“தம்பி, இத எங்க வாங்குன?”

இன்ஸ்டாகிராமில் பார்த்து, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவரிடம் வாங்கியது. தங்க நிறக் குப்பி, மேலே பெரிய கம்பெனியின் ஸ்டிக்கர், பதினோராயிரம் ரூபாய் ரொக்கம். முதல் செஷனிலேயே வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் படகு மாதிரி ஆடியது. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விற்றவருக்குப் போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. பில் இல்லை. பணம் போனதற்கு ரசீது இல்லை. பேசியது எல்லாம் வாய்ப்பேச்சு. புகார் எழுத உட்கார்ந்தபோதுதான், எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

இப்போது இருங்காட்டுக்கோட்டைக்கும் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் 150, 200 சிசி வண்டியோடு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தெருவில் வேகம் காட்டாமல் அதற்கென்று இருக்கிற இடத்துக்கு வருகிறார்கள். அது நல்ல முடிவு. அவர்கள் என்னைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டி. இந்த சிசி பைக்குகளில் பெரும்பாலானவற்றில் பின்னால் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு, அதை மட்டும்தான் திருக முடியும், முன் ஃபோர்க்கில் திருக ஒன்றுமே இருக்காது. கம்பெனி அதைக் குழி விழுந்த ரோட்டுக்கும், பின்னால் உட்கார்ந்து வரும் ஆளுக்கும், நடுத்தர எடைக்கும் சேர்த்துச் செய்திருக்கிறது. அதனால் ட்ராக்கில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். உடனே புதுசு வாங்கத் தோன்றும். அதற்கு முன் அளந்து பாருங்கள். செலவு ஒரு டேப், ஒரு கேபிள் டை, இரண்டு நண்பர்கள்.

ரைடிங் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஓர் அளவு, நீங்கள் உட்கார்ந்த பிறகு ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சாக் என்கிறார்கள். ட்ராக்குக்கு என்றால் முன்பக்கம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர், பின்பக்கம் 30 என்று வைத்துத் தொடங்கலாம். அதோடு நிறுத்தாமல், ஆள் இறங்கியபின் வண்டி தன் எடைக்கே எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள். பின்னால் அது 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த அளவு சரியாக வந்தும் வண்டி தானாகக் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு. ப்ரீலோடை முறுக்கி முறுக்கி நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. வண்டி நிற்கிற உயரம்தான் மாறும். கெட்டியாக வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஃபோர்க்குக்கு எடைக்கேற்ற ஸ்பிரிங் மாற்றுவது, முழு ஃபோர்க்கை மாற்றுவதில் ஒரு சிறு பங்குச் செலவுதான்.

அடுத்தது ஃபோர்க் ஆயில். ஐந்து வருடமாக மாற்றாத ஆயில் கறுத்து, தண்ணியாகி, வேலையே செய்யாது. புது ஆயில், புது ஆயில் சீல், இரண்டு கால்களிலும் ஒரே மட்டம் — இவ்வளவு செய்தாலே வண்டி வேறு வண்டி மாதிரி இருக்கும். ஆனால் இதில் ஆபத்தும் இருக்கிறது. சில கடைகளில் மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். இன்னும் சிலர் கெட்டியாகட்டும் என்று அளவுக்கு மேல் ஊற்றுகிறார்கள். ஆயில் ஏறினால் மேலே காற்று நிற்கும் இடம் குறைகிறது. பலமாக பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கும்போது அழுத்தம் போக வழியில்லாமல் சீலைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அது வழிந்து சேருகிற இடம் முன் பிரேக் டிஸ்க். எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் கழுவிப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். மேனுவலில் உள்ள மட்டத்திலிருந்து ஐந்து ஐந்து மில்லிமீட்டராக மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபோர்க் மூடியைக் கழற்றும்போது முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. கேஸ் நிரப்பிய பின்பக்க ஷாக்கின் உள்ளே நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கான கருவியும் பழக்கமும் இல்லாத பட்டறையில் அதைப் பிரிக்கவே விடாதீர்கள். பாகம் தெறித்தால் கண் போகும்.

கேபிள் டையை ஃபோர்க் குழாயில் கட்டி ஒரு செஷன் ஓட்டிவிட்டு வந்தால், ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டிவிடும். கடைசி வரை போய் இடிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் நீங்கள் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பணத்துக்கு டயர் போடுங்கள்.

அளந்து பார்த்தபின் வாங்கத்தான் வேண்டும் என்றால், எப்படி வாங்குவது? ஓலின்ஸ் மாதிரிப் பெயர்பெற்ற கம்பெனிகளுக்குப் போலி உலகம் முழுக்க இருக்கிறது. தங்க நிறமும் ஸ்டிக்கரும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பொருளில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கேளுங்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பொட்டலத்தில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன சட்டமுறை எடையளவு விதிகள். இல்லையென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். என் பெட்டியில் ஒன்றுமே இல்லை; வெறும் பழுப்பு அட்டை. அன்று அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பில் கேட்டால் “பில் போட்டா விலை ஏறும் ப்ரோ” என்பார்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று பலகை மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். பில்லில் எவ்வளவு நாள் என்று குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். பட்டறை வேலைக்கும் இது பொருந்தும். ஃபோர்க் பிரித்து மாட்டுவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் கேட்கலாம். ஜாப் கார்டில் எந்த ஆயில், எவ்வளவு மட்டம், எந்த சீல் என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது: தன் சொந்த வண்டியிலிருந்து கழற்றிய பொருளை ஒரே ஒரு தடவை விற்கிறவர் வியாபாரி ஆகமாட்டார், அவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் வழக்கு, ஏமாற்றியிருந்தால் காவல் நிலையம் என்றுதான் வழி. அதையே தொழிலாக வைத்திருப்பவர் கதை வேறு.

பொருள் கெட்டுவிட்டால் கோபத்தில் அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள். நான் அந்தத் தப்பையும் செய்தேன். குறை என்ன என்று தெரிய ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீங்கள் பிரித்துவிட்டால், பிரித்ததால்தான் கெட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். படம் எடுத்து, பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். விற்றவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், பதினைந்து நாள் அவகாசம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரில் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சரி, ட்ராக்கில் மாற்றியதை ரோட்டில் ஓட்டலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. மாற்றம் என்றால், வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. ஃபோர்க் ஆயில் மாற்றுவதும், அதே வகை ஸ்பிரிங் போடுவதும் இதில் அடங்காது என்பது என் புரிதல். வேறு வண்டியின் ஃபோர்க்கை, அதைப் பிடிக்கும் டி-யோடு தூக்கி மாட்டுவது, ஸ்விங்ஆர்மை நீட்டுவது எல்லாம் கண்டிப்பாக அடங்கும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி வாரண்டியும் போய்விடும். அப்படி மாற்றிய வண்டியை ட்ராக் வரை குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள். நாலு பேர் சேர்ந்தால் வாடகை பெரிதில்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-வது பிரிவின்படி தனிக் குற்றம். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை உண்டு.

இன்சூரன்ஸ்தான் பலர் கடைசி வரை யோசிக்காத இடம். வண்டிப் பாலிசியை எடுத்துப் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை என்று இருக்கும். வெறும் பயிற்சி நாளையும் அதில் சேர்த்துக் கம்பெனி மறுக்கக்கூடும். எனவே ட்ராக்கில் வண்டி உடைந்தால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். ஆனால் உடம்புக்கு அடிபட்டால் கதை வேறு, இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆரோக்கியக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்குக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வாசகம் தந்திருக்கிறது. அதில் மோட்டார் பந்தயத்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் விலக்கு, தொழில்முறை வீரராகக் கலந்துகொள்பவருக்குத்தான். லீவு நாளில் காசு கட்டி ஓட்டப் போன ஒருவரின் க்ளெய்மை இந்த விலக்கைக் காட்டி மறுத்தால், ‘தொழில்முறை’ என்ற அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டிக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும், இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தனியாக எடுத்த விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இவற்றில் வாசகம் வேறாக இருக்கும். ட்ராக்குக்குப் பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்.

காலை ஆறரைக்கு கேட்டில் நீட்டும் பொறுப்பு விலக்குப் படிவத்தையும் நின்று படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். ஆம்புலன்ஸ் யார் பொறுப்பு, ஏற்பாட்டாளர் ஏதாவது காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் இப்போது இருப்பது அதோடு வந்த பழைய ஷாக்தான். முன்னால் என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங், புது ஆயில், புது சீல். போன மாதம் அளந்தபோது முன் சாக் 34, பின் சாக் 31. ஸ்பிரிங் பில்லும் ஜாப் கார்டும் ஆர்.சி. புக் கவரில் மடித்து வைத்திருக்கிறேன். பிட்டில் யாராவது எங்கே வாங்கினாய் என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.