மிரட்டும் மஞ்சள் விளக்கு! பர்சைத் திறக்கும் முன் பெட்ரோல் மூடியைத் திருகிப் பாருங்க!

வல்லம்–

கார் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஸ்டியரிங்குக்கு எதிரே என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிகிறது!

வண்டியில் சத்தம் இல்லை. சூடு இல்லை. புகையும் இல்லை. ஆனால் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது.

செஞ்சி, வல்லம் வட்டாரத்தில் இப்போது வெளியூர் கார்களுக்குக் குறைவே இல்லை. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. கோட்டை பார்க்க வருகிறவர்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள், பவுர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி.

நடுவழியில் விளக்கு எரிந்தால் சிலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இன்னும் சிலர் பட்டறையில் நிறுத்தி, ‘லைட்டை மட்டும் அணைச்சு விட்டுடுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இரண்டுமே தப்பு! விளக்கு வெறும் சாட்சிதான். சாட்சியின் வாயை அடைத்தால் குற்றவாளி தப்பிவிடுவான்!

ஆவி பிடிக்கும் டப்பா

மஞ்சள் விளக்கு எரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் பலருக்கும் தெரியாத ஒன்று, பெட்ரோல் ஆவிக் கசிவு.

பெட்ரோல் சும்மா இருந்தாலே ஆவியாகும். சித்திரை வெயிலில் செஞ்சி மலைப் பாறைகள் கொதிக்கும்போது, நிறுத்தி வைத்த காரின் டாங்க்கிலும் ஆவி நிரம்பி நிற்கும். பழைய வண்டிகளில் இது அப்படியே காற்றில் கலந்துவிடும்.

இப்போதைய கார்களில் அந்த ஆவியை ஒரு டப்பா பிடித்து வைக்கிறது. அதற்குக் கானிஸ்டர் என்று பெயர். உள்ளே இருப்பது என்ன தெரியுமா? கரி! என்ஜின் ஓடும்போது ‘பர்ஜ் வால்வு’ என்ற சின்ன அடைப்பான் திறக்கும். கரியில் தங்கிய ஆவியை என்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீணாகாது. காற்றும் கெடாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970-ம் ஆண்டு மாடல் கார்களிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலில் இருக்கிறது. புதுக் கார்கள் தங்கள் கோளாறைத் தாங்களே கண்டுபிடித்து விளக்கு போட்டுக் காட்ட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

டீசல் கார்க்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். டீசல் இப்படிச் சட்டென்று ஆவியாவதில்லை. அதில் இந்தக் கரி டப்பா கிடையாது.

முதலில் இதைக் கவனியுங்கள்

விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா?

மின்னினால் ஓட்டாதீர்கள்! என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில், சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதே கதைதான்.

நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால், பதறாமல் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் அசட்டை கூடாது.

மூடி லூசா?

பெட்ரோல் போட்டு ஒன்றிரண்டு நாளில் விளக்கு எரிந்ததா? முதல் சந்தேகம் டாங்க் மூடியின் மேல்தான்.

மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். தூசி இருந்தால் துணியால் துடையுங்கள். ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும்வரை திருகுங்கள். இதற்குக் காலணா செலவில்லை!

மூடியை முடுக்கியதுமே விளக்கு அணைந்துவிடாது. கோளாறு இல்லை என்று கார் சில தடவை ஓடிப் பார்த்து உறுதி செய்த பிறகே அணையும்.

ஒரு விஷயம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000-ம் ஆண்டு மாடல்களில் தொடங்கி, அரை மில்லி மீட்டர் ஓட்டையைக் கூட கார் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் ஊர்ச் சட்டம் அவ்வளவு தூரம் கேட்பதில்லை. பர்ஜ் வால்வின் மின் இணைப்பைக் கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். ஆகவே மூடி லூசாக இருந்தும் விளக்கு எரியாத கார்கள் இங்கே உண்டு. விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாமல், மூக்கையும் நம்புங்கள்!

‘ரவுண்டாப் போடுங்க!’

பங்கில் பெட்ரோல் குழாய் தானாக நின்றுவிடுகிறது. மீட்டரைப் பார்த்தால் 1,960 ரூபாய். ‘ரெண்டாயிரமா ரவுண்டாப் போட்டுடுங்கண்ணே!’ என்கிறோம். வண்டியைக் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து! டாங்க் வழிய ஊற்றினால், ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்விடும். கரி டப்பா நனைந்து பாழாகும். நாற்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் அழ வேண்டி வரும்.

குழாய் தானாக நின்றதா? அத்தோடு போதும்!

எலியும் கடிக்கும்

பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதா? நிற்கும்போது என்ஜின் உதறுகிறதா? பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடக்கலாம். என்ஜினை அணைத்திருக்கும்போது அந்த வால்வு வழியே காற்று போகக்கூடாது. போனால் வால்வு அவுட்!

அடுத்து ரப்பர் குழாய்கள். வெயிலில் காய்ந்து வெடிக்கும். களத்து மேட்டிலும் கொட்டகையிலும் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்திருக்கலாம். மின் கம்பியையும் அது விடாது.

ஓட்டையைத் தேடுகிறேன் என்று தீக்குச்சி, லைட்டர் பக்கமே போகாதீர்கள். பெட்ரோல் ஆவி ‘குப்’பென்று பிடித்துவிடும்! பட்டறைகளில் குழாய்க்குள் பிரத்தியேகப் புகையை மெல்லச் செலுத்தி, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் சரியான வழி.

நம்பரைக் கேளுங்கள்

பட்டறைக்குப் போனால் ‘லைட்டை அணைங்க’ என்று சொல்லாதீர்கள். ‘ஸ்கேனர் போட்டு நம்பரைச் சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

பி 0455 என்று வந்தால் பெரிய கசிவு. பி 0442 சிறிய கசிவு. பி 0456 மிகச் சிறியது. பி 0457 என்றால் மூடி சரியில்லை. பி 0441, ஆவி உறிஞ்சப்படுவதில் கோளாறு. பி 0443, பர்ஜ் வால்வின் மின் இணைப்பில் கோளாறு.

நம்பர் ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல. பி 0443 வந்தால் வால்வை மாற்றும் முன் அதற்குப் போகும் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அழிக்கச் சொல்லுங்கள். கோளாறு நீங்காவிட்டால் விளக்கு மறுபடி வந்து நிற்கும்.

‘புகைச் சான்றிதழ் கையிலே இருக்கே’ என்று நினைக்க வேண்டாம். அந்தச் சோதனை சைலென்சர் புகையைத்தான் பார்க்கிறது. டாங்க் கசிவு அதில் தெரியாது.

பெட்ரோல் ஆவியில் பென்சீன் இருக்கிறது. அது புற்று நோய் உண்டாக்கும் பொருள். பூட்டிய கொட்டகையில் நாள் முழுக்கக் கசிந்தால், அதைச் சுவாசிப்பது வீட்டில் உள்ள பெண்டு பிள்ளைகள்தான்.

அடுத்த தடவை மஞ்சள் விளக்கு எரிந்தால் மிரளாதீர்கள். முதலில் மூடி, அடுத்து நம்பர், கடைசியில்தான் பர்ஸ்!